முதல் இந்திய ஆயர் யார்? ரோச் ஆண்டகையை வைத்து ஓர் எளிய விளக்கம்

தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளி ஆண்டு மலரோ கோயில் விழா மலரோ எதைப் புரட்டினாலும் ஒரு வரி கண்ணில் படும்: இந்தியாவின் முதல் ஆயர் திபூர்சியஸ் ரோச் ஆண்டகை. இதை ஒரு கேரளக் கத்தோலிக்கரிடம் சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு 1896இலேயே மூன்று பேர் இருந்தார்களே என்பார். கோவாக்காரர் 1637க்குப் போய்விடுவார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்த திருநெல்வேலிக்காரராக இருந்தால், 1912இலேயே அசரியா ஆகிவிட்டாரே என்று ஆரம்பிப்பார்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு பதவியை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயர் என்ற ஒரே பட்டத்துக்குள் பல வகை அதிகாரங்கள் அடங்கியிருக்கின்றன. நியமித்தவர் யார், எந்த எல்லைக்கு, யார் பெயரில் ஆள்கிறார் என்று பிரித்துக் கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். 1923இல் தூத்துக்குடியில் நடந்தது ஏன் பெரிய செய்தி என்பதும் அப்போதுதான் பிடிபடும்.

## முதலில் இரண்டு சின்னக் குழப்பங்கள்

வேதநாயகம் சாமுவேல் அசரியா, பின்னாளில் சி.எஸ்.ஐ.யோடு இணைந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் திருநிலைப்பாடு பெற்று, இன்றைய தெலங்கானாவில் உள்ள டோர்ணக்கல்லுக்குப் போனவர். ஆங்கிலிக்கன் சபை 16ஆம் நூற்றாண்டிலேயே ரோமைவிட்டுப் பிரிந்த சபை. அதன் வரிசை தனி, கத்தோலிக்க வரிசை தனி. குழப்பத்துக்குக் காரணம் ஊர்தான். அசரியா பிறந்த வெள்ளாளன்விளை இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டு சபைகளின் 'முதல்வர்களும்' ஒரே வட்டாரத்தோடு தொடர்புள்ளவர்கள் என்பதால் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

இரண்டாவது, பெயர். ரோச் என்றதும் யாரோ வெள்ளைக்காரர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வது உண்டு. அவர் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரையின் பரதவர் சமூகத்தைச் சேர்ந்த தமிழர். 1530களில் அந்தக் கடற்கரை மக்கள் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றபோது போர்ச்சுகீசியப் பெயர்களும் சேர்ந்தே வந்தன. பர்னாந்து, மச்சாது, மோத்தா, கோமஸ், ரோச் எல்லாம் அப்படித்தான். பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்து சேர்ந்தது 1542இல். அதற்கு முன்பே இந்தப் பெயர்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

## ஆயர் என்ன செய்கிறார்?

கத்தோலிக்கத் திருச்சபை நிலத்தைப் பிரித்து நிர்வாகம் செய்கிற அமைப்பு. ஓர் ஊரோ சில ஊர்களோ சேர்ந்தது பங்கு. அதைக் கவனிப்பவர் பங்குத்தந்தை. பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். அதன் தலைவர் ஆயர். பழைய ஆட்கள் மேற்றிராணியார் என்பார்கள். குருக்களைத் திருநிலைப்படுத்துவது, அவர்களை எந்தப் பங்குக்கு அனுப்புவது, கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்வது, பள்ளிக்கூடம் திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு மேலே திருத்தந்தைதான். பேராயர் என்று ஒருவர் இருந்தாலும், அடுத்த மறைமாவட்டத்தின் அன்றாட நிர்வாகத்தில் அவர் கை வைக்க முடியாது.

ஆயர் பதவிக்கு இரண்டு அடுக்கு உண்டு. ஒன்று திருநிலைப்பாடு. தலைமேல் கைவைத்து ஆயராக்கும் சடங்கு அது. ஒருமுறை பெற்றால் சாகும்வரை அழியாது. இன்னொன்று ஆட்சியுரிமை. இன்ன எல்லைக்குள் இவர் நிர்வகிக்கலாம் என்ற அதிகாரம். இதைக் கொடுக்கலாம், எடுக்கலாம், மாற்றலாம். முதல் ஆயர் யார் என்ற சண்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை.

## மறைமாவட்டம் இல்லாத ஆயர்கள்

கத்தோலிக்கர் எண்ணிக்கை குறைவான, நிலைமை உறுதிப்படாத பகுதியில் ரோம் உடனே மறைமாவட்டம் அமைத்துவிடாது. ஆயர் திருநிலைப்பாடு பெற்ற ஒருவரைத் தன் பிரதிநிதியாக அனுப்பிவைக்கும். இவர் அப்போஸ்தலிக்க விகார். அந்த ஊருக்கு இவர் ஆயர் அல்லர். திருத்தந்தையின் பெயரில் அதைப் பார்த்துக்கொள்பவர். ஆனால் ஆயர் என்றால் ஏதாவது ஓர் ஊரின் பெயர் அவரோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது பழைய மரபு. அதற்காக எப்போதோ மறைந்துபோன ஒரு பண்டைய மறைமாவட்டத்தின் பெயரை எடுத்து அவருக்குச் சூட்டிவிடுவார்கள். அவர் அந்த ஊரை வாழ்நாளில் எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் துணை ஆயர்களுக்கும் வத்திக்கான் தூதர்களுக்கும் இன்றைக்கும் இதே ஏற்பாடுதான்.

கோவாக்காரர் சொல்லும் 1637 இந்த வகை. மத்தேயு தெ காஸ்த்ரோ கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்க பிராமணர். உள்ளூரில் போர்ச்சுகீசியர்கள் இவரைக் குருவாக்க மறுத்ததால் ரோமுக்கே போய்ப் படித்துக் குருவானார். பிறகு ரோம் இவரை ஆயராக்கி, பீஜப்பூர் சுல்தானின் நாட்டுக்கு அப்போஸ்தலிக்க விகாராக அனுப்பியது. கோவாவின் போர்ச்சுகீசிய அதிகாரிகள் இவருடைய அதிகாரத்தை ஏற்கவே இல்லை.

1663இல் கேரளத்தில் பறம்பில் சாண்டிக் கத்தனார் ஆயரான கதை இன்னும் நேரடியானது. டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததும் மற்ற நாட்டுக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேறச் சொன்னார்கள். கிளம்ப வேண்டியிருந்த இத்தாலிய ஆயர் செபஸ்தியானி, போகுமுன் அவசரமாக ஓர் உள்ளூர்க்காரரைத் திருநிலைப்படுத்திவிட்டுப் போனார். இவரும் அப்போஸ்தலிக்க விகார்தான்.

ரோம் அந்தக் காலத்திலேயே இந்தியர்களை நம்பியது என்பதற்கு இவர்கள் இருவரையும் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் போர்ச்சுகலோடு ரோமுக்கு இருந்த இழுபறியில் நடுவே நிறுத்தப்பட்டவர். இன்னொருவர் வேறு ஆள் இல்லாததால் வந்தவர்.

## கேரளத்தின் மூவர்

கத்தோலிக்கர் எல்லாருக்கும் பூசை முறை ஒன்றல்ல. ரோமின் மரபைப் பின்பற்றுவது இலத்தீன் வழிபாட்டு முறை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் பெரும்பாலும் இதைச் சேர்ந்தவர்கள். கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்கள் சிரியாக் மொழி வழிவந்த கிழக்கு மரபுக்காரர்கள். அவர்களில் ரோமோடு இணைந்திருக்கும் பெரிய பிரிவு சீரோ மலபார் சபை. இரண்டு கூட்டத்துக்கும் திருத்தந்தை ஒருவரே, நிர்வாகம் மட்டும் வேறு.

1887வரை சீரோ மலபார் மக்களும் இலத்தீன் ஆயர்களுக்குக் கீழேதான் இருந்தார்கள். அந்த ஆண்டு அவர்களைத் தனியாகப் பிரித்தார்கள், ஆனால் தலைமைக்கு வந்தவர்கள் ஐரோப்பியர்களே. மக்கள் விடாமல் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். 1896இல் மாக்கில் மத்தாயி, மேனாச்சேரி ஜான், பழேபறம்பில் லூயிஸ் ஆகிய மூன்று பேர் நியமிக்கப்பட்டு, அக்டோபர் 25 அன்று இலங்கையின் கண்டியில் திருநிலைப்பாடு பெற்றார்கள். மூவரும் அப்போஸ்தலிக்க விகார்கள். அவர்களுடைய பகுதிகள் முழு மறைமாவட்டங்களானது 1923 டிசம்பர் 21இல்.

தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி ரோச் அதன் ஆயராக நியமிக்கப்பட்டது அதே 1923இன் ஜூன் 12. ஆறு மாத வித்தியாசம்!

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கோவாவின் காஸ்த்ரோவும் கேரளத்தின் சாண்டியும் 1896இன் மூவரும் ஆயர்களே, ஆனால் திருத்தந்தையின் பெயரில் ஆண்டவர்கள். ரோச் தன் பெயரிலேயே ஆளும் மறைமாவட்ட ஆயர், இலத்தீன் முறையில். சரி, அப்போது ரோச்சைக் குறிப்பிடும்போது சிலர் 'நவீன காலத்தில்' முதல்வர் என்று ஓர் அடைமொழி ஏன் சேர்க்கிறார்கள்? அதற்குக் காரணம் கேரளத்தின் கரியாட்டில் யோசேப்பு. 1782இல் கொடுங்கல்லூர் என்ற முழுப் பேராயர் பீடத்துக்கே நியமிக்கப்பட்டு, லிஸ்பனில் திருநிலைப்பாடு பெற்று, ஊர் திரும்பும் வழியில் 1786இல் கோவாவில் இறந்துபோனவர். பீடத்தில் அமர அவருக்கு வாய்க்கவில்லை. அவர் பெயரை முன்மொழிந்தது போர்ச்சுகல் அரசி. கேரளத்து ஆயரைத் தேர்ந்தெடுக்க லிஸ்பனில் இருக்கும் அரசிக்கு என்ன உரிமை? இந்த விஷயத்தின் மையமே அதுதான்.

## பதுரவாதோ: கட்டியவர் குடும்பத்து உரிமை

நம் ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீர்கள். ஒரு குடும்பம் நிலம் எழுதிவைத்துக் கோயில் கட்டும். பதிலுக்கு முதல் மரியாதை அவர்களுக்கு. பூசாரியை நியமிப்பதும் அவர்கள்தான். மூன்று நாலு தலைமுறை கழித்து அந்தக் குடும்பம் நொடித்துப்போகும். விளக்குக்கு எண்ணெய் வாங்கக்கூடக் காசு வராது. பூசாரி இல்லாமல் கோயில் பூட்டிக் கிடக்கும். ஊரார் தாங்களே ஒரு பூசாரியைக் கொண்டுவந்தால் மட்டும், அது எங்கள் பாத்தியதை என்று பழைய பத்திரத்தோடு வந்து நிற்பார்கள்.

பதுரவாதோ இதுவேதான். 15ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து திருத்தந்தையர் அடுத்தடுத்துச் சாசனங்கள் எழுதிக் கீழை நாடுகளின் திருச்சபைப் பொறுப்பைப் போர்ச்சுகல் மன்னரிடம் கொடுத்தார்கள். கப்பல், சம்பளம், கோயில் கட்டும் செலவு எல்லாம் அரசருடையது. பதிலாக, அங்கே மறைமாவட்டம் அமைந்தால் ஆயரை முன்மொழியும் உரிமையும் அரசருடையது. கோவா மறைமாவட்டம் 1530களில் வந்தது, பிறகு கொச்சி, 1606இல் மயிலாப்பூர்.

அடுத்த அரை நூற்றாண்டில் போர்ச்சுகல் சரிந்தது. 1658இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கைக்குப் போயின, 1663இல் கொச்சி. பல ஆண்டுகள் ஆயர் இல்லாமலே மறைமாவட்டங்கள் காலியாகக் கிடந்தன. உரிமைப் பத்திரம் மட்டும் லிஸ்பனில் பத்திரமாக இருந்தது.

ரோம் இதற்கு ஒரு மாற்றுவழி கண்டுபிடித்தது. 1622இல் மறைபரப்புப் பேராயம் என்ற துறையைத் தொடங்கி, மறைபரப்பு நாடுகளின் பொறுப்பை அதனிடம் கொடுத்தது. ஆனால் புதிய மறைமாவட்டம் அமைத்தால் அரசர் முன்மொழிய வந்துவிடுவார். மறைமாவட்டமே அமைக்காமல் திருத்தந்தையின் பிரதிநிதியை அனுப்பினால்? அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மேலே பார்த்த அப்போஸ்தலிக்க விகார்கள் இந்தியாவுக்குள் வந்த வழி இதுதான். சட்டத்தை உடைக்காமல் அதன் சந்தில் புகுந்து போகிற வேலை. ரோமின் நிர்வாக மூளையை இதில் மெச்சத்தான் வேண்டும்.

1834இல் போர்ச்சுகல் தன் நாட்டுத் துறவற சபைகளையே மூடியது. 1838இல் திருத்தந்தை 16ஆம் கிரகோரி, மயிலாப்பூர், கொச்சி உள்ளிட்ட இடங்களில் பதுரவாதோவின் அதிகாரம் முடிந்தது என்று அறிவித்தார். கோவாக் குருக்கள் கேட்கவில்லை. ஆணை போலி என்றும், அரசர் ஒப்புதல் இல்லாமல் செல்லாது என்றும் வாதாடினார்கள். ஒரே பகுதியில் இரண்டு கத்தோலிக்க அதிகாரங்கள் எதிரெதிரே நின்றன. இதற்கு இரட்டை ஆட்சியுரிமை என்று பெயர்.

## தூத்துக்குடியில் இரண்டு கோயில்கள்

இன்றைக்கும் தூத்துக்குடிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஊரின் அடையாளம் கடற்கரையை ஒட்டிய பனிமய மாதா பேராலயம். 1713இல் கட்டப்பட்டது, ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு ஊரே கூடும். ஆனால் ஆயரின் இருக்கை உள்ள மறைமாவட்டத் தலைமைக்கோயில் அது இல்லை. சின்னக்கோயில் என்று ஊரார் சொல்லும் திரு இருதய ஆலயம்தான். பெரிய கோயில் இருக்கும்போது தலைமை ஏன் இங்கே வந்தது?

இரட்டை ஆட்சியுரிமைதான் காரணம். 1837இல் பிரெஞ்சு சேசு சபைத் துறவிகள் (ஜெசூட்டுகள்) மதுரைப் பகுதிக்கு வந்தபோது பனிமய மாதா கோயில் கோவாக் குருக்களிடம் இருந்தது. ரோம் அனுப்பிய பிரெஞ்சுக்காரர்கள் அதே ஊரில் தனியாக ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள். 1886இல் ரோமும் போர்ச்சுகலும் ஓர் ஒப்பந்தம் போட்டு, இந்தியா முழுவதும் முறையான மறைமாவட்டங்கள் அமைந்தன. அப்போதும் முடிச்சு அவிழவில்லை. தூத்துக்குடியில் ஒரு கோயில் பிரெஞ்சு சேசு சபையாரின் திருச்சி மறைமாவட்டத்தில் இருக்க, மாதா கோயில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தள்ளியிருந்த மயிலாப்பூருக்குக் கட்டுப்பட்டிருந்தது. மயிலாப்பூர் ஆயரை முன்மொழிவது போர்ச்சுகல்!

இது வெறும் கோப்புச் சண்டை இல்லை. ஒரே தெருவில், ஒரே சாதியில், சம்பந்தம் செய்துகொண்ட இரண்டு வீடுகள் வேறு வேறு ஆயரின் மக்களாக இருந்தன. எந்தக் குரு மந்திரிப்பார், எந்தக் கோயிலில் கல்யாணம், எந்தக் கல்லறையில் அடக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பிரச்சினை. ஆட்சியுரிமை நிலத்தை வைத்து இல்லாமல் குடும்பத்தை வைத்து நிர்ணயமானால் இப்படித்தான் ஆகும்.

சுருக்கமாக: ஒரு கடற்கரைக்கு இரண்டு ஆயர்கள், ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் போர்ச்சுகீசியர். இந்த ஊரில்தான் 1923இல் ஒரு தமிழர் ஆயரானார்.

## ஏன் 1923?

உள்ளூர்க் குருக்களை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு ரோமில் நெடுநாளாகவே இருந்தது. 1893இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் கண்டியில் ஒரு குருமடம் திறந்தார். இந்தியாவின் மீட்புப் பணியை இந்தியாவின் பிள்ளைகளே செய்வார்கள் என்பது அதன் குறிக்கோள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குருவாவது வேறு, ஆயராவது வேறு. இந்தியக் குரு எத்தனை பேர் வந்தாலும் மேலே ஒரு ஐரோப்பியர் இருந்தார்.

அதை அசைத்தது முதல் உலகப்போர். பிரெஞ்சுக் குருக்களுக்கு ராணுவ அழைப்பு வந்தது. பிரெஞ்சுச் சட்டத்தில் குருக்களுக்கு விலக்கு இல்லை. பம்பாயில் இருந்த ஜெர்மன் சேசு சபையினரைப் பிரிட்டிஷ் அரசு எதிரி நாட்டவர் என்று பிடித்து அடைத்து, பிறகு நாட்டைவிட்டு அனுப்பியது. ஐரோப்பாவில் இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டால் இந்தியாவில் பங்குகள் ஆளில்லாமல் போகும் என்பது கண்முன்னே தெரிந்தது.

போர் முடிந்து 1919 நவம்பர் 30 அன்று திருத்தந்தை 15ஆம் ஆசீர்வாதப்பர் எழுதிய மடல் இதை நேராகவே சொன்னது. மறைப்பணியாளர் தம் தாய்நாட்டின் நலனைத் தூக்கிப்பிடிக்கக் கூடாது, உள்ளூர்க் குருக்களை எடுபிடிகளாக வைத்திருக்காமல் தலைமை ஏற்கும் அளவுக்குப் பயிற்றுவிக்க வேண்டும். அடுத்து வந்த 11ஆம் பத்திநாதர் அதைச் செயலாக்கினார். திருச்சி மறைமாவட்டத்தின் தெற்குப் பகுதியைப் பிரித்துத் தூத்துக்குடி மறைமாவட்டம் அமைத்து, அதை ஒரு தமிழரிடம் கொடுத்தார். ஆறு சீனக் குருக்களை அவரே ரோமில் ஆயர்களாக்கியது உலகமெல்லாம் பேசப்பட்ட நிகழ்ச்சி. அது நடந்தது 1926இல், தூத்துக்குடிக்கு மூன்று ஆண்டு கழித்து.

ஏன் இந்தக் கடற்கரை? நானூறு ஆண்டு பழைய கிறிஸ்தவம், உள்ளூரிலிருந்தே தொடர்ந்து குருக்கள், சொந்தக் கோயிலுக்குச் செலவழிக்க யோசிக்காத மக்கள். இவை மூன்றும் சேர்ந்த இடம் இலத்தீன் இந்தியாவில் அதிகம் இல்லை. அப்புறம் இன்னொன்றும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோவாக் கட்சி, பிரெஞ்சுக் கட்சி என்று பிளந்து கிடந்த மக்கள் மத்தியில், இரண்டு நாட்டையும் சேராத ஒரு மண்ணின் மைந்தர் வருவதில் ஒரு கணக்கு இருந்தது. ஆனால் அவரும் பரதவர் என்பதால், மறைமாவட்டத்தின் உள்நாட்டுப் பகுதிகளில் இருந்த மற்றச் சாதிக் கத்தோலிக்கருக்கு அவர் எல்லாருக்கும் பொதுவானவர் என்று நிரூபிக்கும் சுமையும் சேர்ந்தே வந்தது.

ரோச் சேசு சபையைச் சேர்ந்தவர். ஆயர் பதவிக்கு ஆசைப்படமாட்டோம் என்று வாக்குக் கொடுக்கிற சபை அது. திருத்தந்தை கட்டளையிட்டால் மட்டுமே ஏற்கலாம்.

## பிறகு நடந்தது

1928இல் ரோமும் போர்ச்சுகலும் மறுபடி உட்கார்ந்து பேசி இரட்டை ஆட்சியுரிமைக்கு முடிவு கட்டின. மயிலாப்பூருக்குக் கட்டுப்பட்டிருந்த முத்துக்குளித்துறைப் பங்குகள் தூத்துக்குடி மறைமாவட்டத்தோடு சேர்ந்தன, பனிமய மாதா கோயிலும் உட்பட. நடைமுறையில் ரோச்சுக்கு இது நியமனத்தைவிடப் பெரிய வேலை. தொண்ணூறு ஆண்டு எதிரெதிராக நின்ற இரண்டு குருக்கள் அணிகள், இரண்டு கணக்குப் புத்தகங்கள், இரண்டு விதமான திருவிழா வழக்கங்களை ஒரே நிர்வாகத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆயராக அவர் இருந்தது முப்பது ஆண்டு. பெண்களுக்கான தூய மரியன்னைக் கல்லூரி தூத்துக்குடியில் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான், 1948இல்.

தூத்துக்குடி போட்ட வழியில் மற்ற இடங்களும் வரத் தொடங்கின. 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்த கோட்டாறு மறைமாவட்டத்துக்கு லாரன்ஸ் பெரைரா ஆயரானார். கும்பகோணத்துக்கு 1931இல் பீட்டர் ராயப்பன். 1938இல் மதுரை தனி மறைமாவட்டமானபோது மட்டும் மறுபடி ஓர் ஐரோப்பியர், சேசு சபையின் லியோனார்டு ஆண்டகை. எல்லா இடமும் ஒரே வேகத்தில் மாறவில்லை.

பதுரவாதோவின் மிச்சசொச்சம் அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டே போனது. 1928 ஒப்பந்தத்தின்படி பம்பாய்க்குப் போர்ச்சுகீசியர் ஒருமுறை, பிரிட்டிஷ்காரர் ஒருமுறை என்று மாறி மாறிப் பேராயர் வர வேண்டும்! இந்திய விடுதலைக்குப் பிறகு, 1950இல்தான் இந்திய மண்ணில் ஆயர்களை முன்மொழியும் உரிமையைப் போர்ச்சுகல் விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டு வலேரியன் கிராசியஸ் பம்பாயின் முதல் இந்தியப் பேராயரானார். 1953இல் அவர் இந்தியாவின் முதல் கர்தினால் ஆனார். ரோச் ஆண்டகை பதவியிலிருந்து விலகி, தாமஸ் பர்னாந்து தூத்துக்குடியின் இரண்டாவது ஆயரானதும் அந்த ஆண்டுதான்.